மூன்று பிரதிகள்

நம் தோட்டத்து வீடுகளில் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், தாத்தாவின் ஒரே ஒரு புகைப்படம் எல்லாம் அதற்குள்தான். கறையான் ஏறினாலோ வெள்ளம் புகுந்தாலோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் நாளில்தான் அதன் அருமை நமக்குத் தெரியும். இப்போது அந்தப் பெட்டியின் வேலையைக் கைத்தொலைபேசி செய்கிறது. பத்திரத்தைப் படம் பிடித்து அனுப்புகிறோம். எங்கோ தொலைவிலுள்ள கணினிகளில் அது தங்குகிறது. அந்தக் கணினிகள் பழுதாகாதா என்றால், பழுதாகும். அடிக்கடியே பழுதாகும். அப்படியிருந்தும் நம் பத்திரம் எப்படித் தப்புகிறது?

இதற்கு வழி சொன்ன ஏற்பாடுகளில் பெயர் பெற்றது அமெரிக்காவின் கூகுள் நிறுவனத்தினுடையது. சஞ்சய் கெமாவத், ஹோவர்ட் கோபியோஃப், ஷுன்-டாக் லியுங் என்ற மூவர் 2003-ஆம் ஆண்டில் அதை விளக்கி எழுதினார்கள். விலை உயர்ந்த இயந்திரங்களை அவர்கள் தேடவில்லை. மலிவான கணினிகளை நூற்றுக்கணக்கில் இணைத்தார்கள். எந்த நேரமும் அவற்றில் சில கெட்டுக் கிடக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதல்தான் இதில் பெரிய அறிவு என்பது நம் எண்ணம்.

பெரிய கோப்பு ஒவ்வொன்றும் 64 மெகாபைட் அளவுள்ள துண்டுகளாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகள், மூன்று வெவ்வேறு கணினிகளில். அவை எல்லாம் ஒரே அடுக்கில் இருக்கக் கூடாது. அடுக்குக்கு மின்சாரம் நின்றால் மூன்றும் சேர்ந்து போய்விடும். ஒரு பத்திரத்தை மூன்று நகல் எடுத்து அதே தகரப் பெட்டியில் வைத்தால் என்ன பயன்?

எந்தத் துண்டு எங்கே இருக்கிறது? இதைக் கவனிப்பது ஒரு தலைமைக் கணினி. விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவார் அல்லவா? அதுபோல் இதுவும் மற்றக் கணினிகளை விசாரித்துக்கொண்டே இருக்கும். பதில் வராத கணினி, இல்லாத கணினி. துண்டுகள் இருக்கும் இடத்தை இது நிரந்தர ஏட்டில் எழுதி வைப்பதுமில்லை. தான் இயங்கத் தொடங்கும்போது ஒவ்வொரு கணினியிடமும் "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். நிரையில் எத்தனை மரம் என்பதை, வெட்டுகிறவரைக் கேட்பதுதானே சரி!

இன்னொன்றும் உண்டு. கிராணி பால் வாளியைத் தூக்குவதில்லை. கோப்பு வேண்டியவர் தலைமைக் கணினியிடம் இடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, துண்டு இருக்கும் கணினிக்கு நேராகப் போய் எடுத்துக்கொள்வார். எல்லாம் ஒரே வாசல் வழியாக வந்தால், பால் நிறுக்கும் கொட்டகையில் நிற்கும் வரிசைபோல் நீண்டுவிடும்.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 227 கணினிகள் கொண்ட தொகுதியில், 600 கிகாபைட் சுமந்திருந்த ஒரு கணினியை வேண்டுமென்றே முடக்கினார்கள். அதிலிருந்த சுமார் 15,000 துண்டுகளுக்கும் 23.2 நிமிடங்களில் மறுபிரதிகள் ஆகிவிட்டன. பிறகு இரண்டு கணினிகளைச் சேர்த்து முடக்கினார்கள். அப்போது 266 துண்டுகளுக்கு ஒரே ஒரு பிரதிதான் எஞ்சியது. ஆபத்து அதிகம் உள்ளவற்றுக்கே முதலிடம் என்பதால், 2 நிமிடங்களுக்குள் அவை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பிரதிகளாவது கிடைத்தன.

சத்தமில்லாமல் எழுத்து கெட்டுப்போவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்தார்கள். எண் ஒத்துவராவிட்டால் அந்தப் பிரதியை ஒதுக்கி, நல்ல பிரதியிலிருந்து புதிது எடுப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. தலைமைக் கணினி ஒன்றே ஒன்று. அதன் குறிப்பேட்டுக்கும் பிற கணினிகளில் நகல் இருந்தது என்றாலும், கோப்புகள் பெருகப் பெருக அந்த ஒன்றினால் தாங்க முடியவில்லை. பின்னாளில் கொலோசஸ் என்ற புதிய ஏற்பாடு அதன் இடத்துக்கு வந்தது. இதே முறையைப் பின்பற்றி எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி 2006-இல் ஹடூப் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டக் கட்டிங், தம் மகனுடைய பொம்மை யானையின் பெயரையே அதற்கு வைத்தார்.

தாய்மார்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மூன்று பிரதிகள் இயந்திரப் பழுதுக்குத்தான் காவல். நம் கைத்தவறுக்கு அல்ல. நாம் அழிக்கச் சொன்னால் மூன்றும் அழியும். அந்தக் கூகுள் ஏற்பாட்டில், நீக்கிய கோப்பை மறைபெயரில் மூன்று நாள் வைத்திருந்து பிறகுதான் துடைப்பார்கள். அந்தத் தவணை எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. கடவுச்சொல் மறந்துபோனாலும் அந்த மூன்று பிரதிகளும் நமக்கு எட்டாது. ஆகவே பிறப்புப் பத்திரத்தின் படத்தை ஒரு நினைவுக் குச்சியிலும் ஏற்றி, வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். அசல் பத்திரம் அந்தத் தகரப் பெட்டியிலேயே இருக்கட்டும்; பெட்டியை மட்டும் தரையிலிருந்து தூக்கி உயரமான பலகைமேல் வைத்துவிடுங்கள்.