அறையை எவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தோம்?



சமன்பாடு இல்லாமல் பேச வேண்டும் என்பது சங்கச் செயலாளரின் உத்தரவு. முயற்சி செய்கிறேன்.

அறையில் ஒருவர் பேசினால் குரல் நேராகவும் வரும், சுவரிலும் கூரையிலும் மோதிப் பிந்தியும் வரும். இதுதான் எதிர்முழக்கம். காதுக்கருவி வைத்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள், "சத்தம் கேட்குது, வார்த்தை புரியலை" என்பார்கள்.

இதை நீக்க, இரண்டு மூன்று மைக் வைத்து, ஒவ்வொரு மைக்குக்கும் வரும் வழியில் அறை குரலை எப்படி மாற்றியது என்று கண்டுபிடிக்கிறோம். அதன் பெயர் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். விநாடிக்கு 8000 மாதிரி எடுத்தால், அரை விநாடி முழக்கத்துக்கு மைக் ஒன்றுக்கு 4000 எண்கள்! சுத்தமான குரல் நம் கையில் கிடையாது. குழம்பை ருசித்தே செய்முறை எழுதுகிற வேலைதான். ஆனாலும் ஒரு பிடி உண்டு. முதல் மைக்கின் ஒலியை இரண்டாம் பாதை வழியாகவும், இரண்டாம் மைக்கின் ஒலியை முதல் பாதை வழியாகவும் கணக்கில் அனுப்பினால், இரண்டும் ஒன்றாகவே வர வேண்டும்.

சரி, கண்டுபிடித்தது சரிதானா? உண்மை ரெஸ்பான்ஸ் தெரிந்த சோதனை அறையில் நேரே கழித்துப் பார்த்தால் அது அநியாயம். பேசியவர் உரக்கப் பேசினாரா, அறை பெருக்கிக் கொடுத்ததா என்று இந்த முறைக்குத் தெரியவே தெரியாது. அதனால் 1998-இல் மார்கன், பெனெஸ்டி, சோந்தி மூவரும் ஒரு அளவைச் சொன்னார்கள். விடையை ஒரே எண்ணால் பெருக்கி, உண்மைக்கு முடிந்தவரை பொருத்திவிட்டு, மிச்சப் பிழையை மட்டும் அளப்பது. மைனஸ் 20 டெசிபல் என்றால் மிச்சம் பத்தில் ஒரு பங்கு.

நல்ல அளவுதான். ஆனால் அதோடு நின்றுவிடுவதை நான் ஒப்புவதில்லை. பல மைக் இருந்தால் முழக்கத்தை முழுசாகவே நீக்கலாம் என்று 1988-இல் ஜப்பானின் மியோஷியும் கனேடாவும் காட்டினார்கள். அதற்கு ரெஸ்பான்ஸ் துல்லியமாகத் தெரிய வேண்டும். சின்னப் பிழைகூட, தலைகீழாக்கும்போது ஊதிப் பெருகிவிடும். ஆகவே ஒரே மைனஸ் 20 வாங்கிய இரண்டு விடைகளில் ஒன்று தெளிவாகவும், மற்றது கரகரவென்றும் கேட்கலாம். எங்கள் பிள்ளைகளிடம் நான் கேட்பது, "டெசிபல் இருக்கட்டும்ப்பா, நீக்கின பிறகு குரலைப் போட்டுக் காட்டு" என்பதுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒலிப்பதிவு இரண்டையும் போடுகிறேன். காது கொடுக்க விருப்பமுள்ளவர்கள் வாருங்கள்.