ஓரத்தில் நின்றவன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், மாணவர் புகைப்படக் கண்காட்சியைத் திறந்துவைத்து ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசினா போதும் சார், அதுக்கப்புறம் சாப்பாடு" என்று செயலாளர் மேடை ஏறும்போதே காதில் சொல்லிவிட்டார். பிரியாணி வாசனை இங்கேயே வருகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காலையில் மாணவர்களின் ப்ராஜெக்ட் படங்களை ஒரு சுற்று பார்த்தேன். என் காலத்தில் இப்படியெல்லாம் எடுக்கத் தெரியாது. பொய் சொல்லவில்லை. ஆனால் ஏழு ப்ராஜெக்டில் நாலு, ஒயிட் டவுன் மஞ்சள் சுவர். மஞ்சள் சுவர், மேலே காகிதப்பூ, கீழே ஒரு சைக்கிள். சில படங்களில் அதே சைக்கிள்தான் என்று நினைக்கிறேன்! (சிரிப்பு.) சிரிக்காதீர்கள், நானும் அதைத்தான் எடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1986. அப்போது ஊருக்குப் பெயர் பாண்டிச்சேரிதான். புதுச்சேரி என்று அரசாங்கம் மாற்றியது 2006-இல். எங்கள் போட்டோ கிளப்பில் இருந்தது ஒரே ஒரு கேமரா. கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால் இருந்த சாமான் அறைதான் டார்க்ரூம். ஜன்னலில் கறுப்புத் துணி, ஒரு சிவப்பு பல்பு, பிளாஸ்டிக் தட்டுகளில் டெவலப்பர், ஹைப்போ. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்காரர்கள் தயாரித்த 'இந்து' பிலிம்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். ஆளுக்கு ஒரு ரோல், 36 படம். அதற்குள் ஒரு ப்ராஜெக்ட். ஒவ்வொரு முறை பட்டனை அமுக்கும்போதும் பர்ஸிலிருந்து காசு விழுகிற சத்தம் கேட்கும். செல்போனில் எடுக்கிற உங்களுக்கு அது புரியாது, புரியவும் வேண்டாம்.

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு 'ஒளியும் நிழலும்'. கடற்கரைச் சாலையில் இருந்த பழைய முனிசிபாலிட்டி கட்டடம், நாம் 'மேரி' என்கிறோமே, அதன் தூண்களில் காலை வெயில் விழுகிற நேரம். விடியற்காலையில் போய் நின்றேன். கூட வந்தவன் என் வகுப்புத் தோழன். டார்க்ரூமிலும் நானும் அவனும்தான் கூட்டாளிகள். அவன் இப்போது இல்லை, பெயர் வேண்டாம். எங்கள் செட்டுக்குத் தெரியும்.

வெயில் சரியாக விழுகிற நேரத்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளி தள்ளுவண்டியோடு வந்து பெருக்க ஆரம்பித்தார். எனக்கு எரிச்சல். "டேய், அவரைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுடா" என்றேன். போனவன் அவரோடு பேச உட்கார்ந்துவிட்டான்! எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று ஆரம்பித்துவிட்டான். வெயில் ஏறுகிறது. வேறு வழியில்லாமல் அமுக்கினேன். பிறகு டார்க்ரூமில் என்லார்ஜரைத் தூக்கி, வலது பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பேப்பருக்கு வெளியே தள்ளிவிட்டேன். வண்டி போச்சு, துடைப்பம் போச்சு, இவனும் போனான். மிச்சம் தூண், நிழல். பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலத்தில் பிரிண்ட் போட்டோம். போட்டியில் முதல் பரிசு கிடைத்தது.

அவன் எடுத்த ப்ராஜெக்ட் என்ன தெரியுமா? பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், கொசக்கடை வீதிக்குப் பக்கத்தில் அவன் குடியிருந்த தெரு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வீட்டுக்கு ஒரு படம். எதிர்ச் சாரியில் முதுகை ஒட்டி நின்று, நேர் எதிராக, ஒரே தூரத்தில். தாழ்வாரம், மரத்தூண், திண்ணை, கதவு. திண்ணையில் யார் இருந்தார்களோ அவர்களும். அரிசி புடைக்கிற அம்மா, பேப்பர் படிக்கிற தாத்தா, ஸ்லேட்டோடு ஒரு பையன். போஸ் கொடுக்கச் சொல்லவில்லை, எழுந்து போகவும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் "ஏண்டா, வீட்டு வரி போடப் போறியா?" என்று கிண்டல் பண்ணினோம். நடுவராக வந்தவர் "இதில் கற்பனை எங்கே?" என்று கேட்டார். பரிசு இல்லை. என் படத்தைப் பார்த்து அவன் சொன்னது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கு. வெயில் இருக்கு, வீடு இல்லடா."

2014 நவம்பர் மழையில் மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். விழுந்த அந்த வாரம் என் நண்பர்கள் பலர் "உன்கிட்ட அருமையான படம் இருக்குமே" என்று கேட்டார்கள். பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எந்தக் கட்டடத்தின் தூண் என்றுகூடச் சொல்ல முடியாது. எந்த ஊரின் நிழலாகவும் இருக்கலாம்.

நம் ஊர் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 1955-இல் தொடங்கியது. செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது. மாணவர்கள் ஒரு நடை போய் வாருங்கள். ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்தார்கள். இன்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் அங்கே உள்ளன. பெரும்பாலும் நேர் படம். அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து ஒரு நடராஜர் திருடுபோய், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. அது நம்முடைய சிலைதான் என்று நிலைநாட்ட உதவியது, இந்த நிறுவனத்தார் கோயிலிலேயே முன்பு எடுத்து வைத்திருந்த படம். 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார். அந்தப் படத்தை யாராவது நம்ம கிளப் போட்டிக்கு அனுப்பியிருந்தால் நானே "கற்பனை எங்கே" என்று கேட்டிருப்பேன்.

வைசியாள் வீதியில் தமிழ் வீடுகளின் முகப்பைப் பழைய மாதிரியே சீரமைத்தார்கள். 2008-இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அந்த மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்குத் திண்ணை எவ்வளவு உயரம், தூண் எப்படி நின்றது என்று காட்ட ஒரு பழைய படம் இருந்தால் அதன் அருமையே தனி. என் தோழன் எடுத்தது அந்த வகை.

அதற்காக அழகாக எடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. காலையில் ஒரு தம்பி என்னிடம் கார்த்தியே-பிரஸ்ஸோன் பெயரைச் சொல்லி, "சார், அவர் படத்தை வெட்டவே மாட்டாராமே?" என்று கேட்டார். உண்மைதான், பொதுவாக வெட்ட மாட்டார். அவர் நம் ஊருக்கு 1950 ஏப்ரலில் வந்திருக்கிறார். பல வருஷங்களாகப் படமே எடுக்கப்படாமல் இருந்த ஸ்ரீ அரவிந்தரை எடுத்தார். அதே வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி ஸ்ரீ அரவிந்தர் சமாதியானார். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் அவருடைய முதுமைக் கால முகத்தை நாம் எப்படி அறிவோம்? அதே பிரஸ்ஸோன், 1932-இல் பாரிசில் ஒரு மனிதர் தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிற படத்தை மட்டும் ஓரம் வெட்டித்தான் வெளியிட்டார். பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்ததால் பலகை மறைத்துவிட்டது. அவர் பலகையை வெட்டினார்; நான் ஆளை வெட்டினேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

விடுவதும் சில நேரம் நியாயம்தான். இங்கே ஒரு தங்கை பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்களை எடுத்திருக்கிறார். வரிசையில் ஒரு இடம் வெறும் அட்டையாக இருக்கிறது. "என்னம்மா, படம் விழுந்துடுச்சா?" என்று கேட்டேன். "இல்லைங்க சார். நல்ல படம்தான். ஆனா அந்த ஆயா வேணாம்மான்னு சொல்லிட்டாங்க, அழிச்சிட்டேன்" என்றார். என்னைப் பொறுத்தவரை இந்தக் கண்காட்சியிலேயே யோசித்துச் செய்த தேர்வு அந்தக் காலி அட்டைதான். நடுவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, நடுவர்கள் எப்போதும் அப்படித்தான்.

இனி மிச்சக் கதை. என் தோழன் மூன்று வருஷத்துக்கு முன் காலமானான். காரியம் முடிந்து சில வாரம் கழித்து அவன் மகள் போன் செய்தது. "மாமா, அப்பா காலேஜ்ல படிச்சப்ப எடுத்த படம் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?" 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது அவன் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஆல்பம், நெகட்டிவ் எல்லாம் ஒட்டிக்கொண்டு போயின. எனக்கு அதுவரை தெரியாது. என்னிடம் அவன் சொல்லவே இல்லை.

பிஸ்கட் டப்பாவைக் கொட்டித் தேடினேன். அவன் ரோலின் காண்டாக்ட் ஷீட் ஒன்று கிடைத்தது. தபால்தலை அளவில் 36 வீடு. இன்று அந்தத் தெருவில் பழைய முகப்போடு நிற்பவை மூன்றோ நாலோதான். அரிசி புடைத்த அம்மா இருக்கிறார், தாத்தா இருக்கிறார், எடுத்தவன் ஒன்றிலும் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் எப்படி இருப்பான்?

பிறகுதான் என் பரிசுப் படத்தின் நெகட்டிவ் ஞாபகம் வந்தது. லைட் எதிரில் பிடித்துப் பார்த்தேன். வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். பெல்பாட்டம், எண்ணெய் வைத்த தலை, சிரிப்பு. பக்கத்தில் அந்தத் தொழிலாளி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு ஏதோ சொல்கிறார். அவர்களுக்குப் பின்னால் மேரியின் வாசலும் வளைவும் முழுசாக, இது எந்த ஊர் என்று சந்தேகமே வராதபடி. நான் தூக்கிப் போட்ட மூன்றில் ஒரு பங்கில்தான் எல்லாம் இருந்திருக்கிறது.

சென்னையில் ஸ்கேன் செய்து, ஓரத்தைத் தொடாமல் முழுசாகப் பிரிண்ட் போட்டேன். ஒன்று அவன் மகளிடம் இருக்கிறது. இன்னொன்றை இன்று காலை கண்காட்சி அறையில் மாட்டியிருக்கிறேன், அந்தக் காலி அட்டைக்குப் பக்கத்தில். கீழே அந்தக் காண்டாக்ட் ஷீட்டும், கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கின்றன. அந்தத் துப்புரவுத் தொழிலாளியின் பெயரை என் தோழன் கேட்டிருப்பான், நான் கேட்கவில்லை. பழைய முனிசிபாலிட்டிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் அவரை அடையாளம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அவர் வீட்டுக்கும் ஒரு பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.