நூல்வழிக் கற்கும் படத்திருத்தக் கலை
(கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



கையில் நூல்; கண்முன் கணினி; கற்பிக்க ஆசிரியர் இலர். ஒளிப்படங்களைத் திருத்தும் மென்பொருளை இந்நிலையிற் கற்கத் தொடங்குவோர் பலர். அவர்கள் முதலில் இடறி விழுவது எங்கே? கருவியிலா? அன்று, சொல்லில்!

போட்டோசாப் என்னும் மென்பொருளே இதற்குச் சான்று. 1987ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமசு நோல் இதற்கு வித்திட்டார். திரைப்படச் சிறப்புக் காட்சிகளை ஆக்கும் துறையிற் பணியாற்றிய அவர்தம் உடன்பிறந்தார் சான் நோல் துணைநின்றார். 1990இல் அடோபி நிறுவனம் அதனை வெளியிட்டது. இவர்தம் தந்தையார் வீட்டிலேயே படங்கழுவும் இருட்டறை வைத்திருந்தார். இருவரும் இளமையிலேயே அத்தொழிலை அறிந்தவர்கள். மென்பொருட் கருவிகளிற் சில இருட்டறைச் சொற்களையே பெயராகப் பெற்றன.

'டாட்ச்', 'பர்ன்' என இரு கருவிகள் உள. தொடக்க மாணவர் அகரமுதலியைப் புரட்டுகிறார். முன்னதற்கு 'விலகித் தப்புதல்' என்றும் பின்னதற்கு 'எரித்தல்' என்றும் காண்கிறார். படத்தை எரிப்பதா? திகைக்கிறார். இருட்டறைத் தொழிலை அறிந்தால் திகைப்பு நீங்கும். உருப்பெருக்கியின் ஒளி தாளின்மேல் விழும்போது, அட்டைத் துண்டால் ஓரிடத்தைச் சிறிது நேரம் மறைத்தால் அவ்விடம் வெளிறும். இது முன்னது. ஓரிடத்திற்கு மட்டும் மிகுதியாக ஒளி பாய்ச்சினால் அவ்விடம் கறுக்கும். இது பின்னது. இதனை எரித்தல் என்பதினும் 'கருக்குதல்' என்பதே சாலப் பொருந்தும். சுடுதலும் கருமையும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன அல்லவா? முன்னதை 'வெளிற்றுதல்' எனலாம். பொருளறிந்து ஆக்கிய சொல் பாதிப் பாடத்தைத் தானே கற்பிக்கும்!

அடுத்தது, கற்கும் முறை. 'இதனைச் சொடுக்குக, இவ்வெண்ணை இடுக' எனப் பயிற்சி நூல் வரிசையாகக் கூறும். அவ்வாறே செய்தால் நூலிலுள்ள படம் திருந்தும். ஆனால், மறைந்த தாயாரின் ஒரே படத்தைத் திருத்த முற்படும்போது அவ்வெண்கள் பொருந்தா. ஒருவர்க்கு அளந்த மருந்தை மற்றொருவர்க்கு ஊட்டலாமா? ஒவ்வொரு படியிலும் 'இஃது ஏன்?' என வினவுக. எண்ணைக் கூட்டியும் குறைத்தும் விளைவைக் காண்க. அதுவே கற்றல், ஏனையது பார்த்தெழுதல்.

மூன்றாவது, காப்பு. முதற்படத்தின்மேற் கைவைத்தல் ஆகாது. 1994இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில்தான் 'அடுக்கு' என்னும் அமைப்பு போட்டோசாப்பில் இடம்பெற்றது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற் போன்றது அது. திருத்தம் மேலடுக்கில் நிகழும். முதற்படம் கீழடுக்கிற் பழுதின்றிக் கிடக்கும். 'செபெக்' வடிவிலோ அடுக்குகள் நில்லா; திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் படத்தின் நுண்கூறுகளும் தேயும். எனவே, நூலின் எப்பகுதியில் இருப்பினும் அடுக்குப் பாடத்தை முதலிற் கற்க.

பொருள் இல்லையே எனத் தயங்க வேண்டா. பெர்க்லியில் பயின்ற மாணவர் இருவர் ஆக்கி 1996இல் வெளியிட்ட 'கிம்ப்' கட்டணமின்றிக் கிடைக்கிறது. அடுக்கும் வெளிற்றலும் கருக்கலும் அதிலும் உள. அதன் நிரல் யாவர்க்கும் திறந்துள்ளது. எவரும் தம் மொழியில் அதனைப் பெயர்த்தமைக்கலாம்.

கற்றவர்க்கு ஒரு கடன் உண்டு. தாம் இடறிய இடங்களைக் குறித்து வைத்து, பின்வருவார் இடறாவண்ணம் தெள்ளிய தமிழில் ஒரு பயிற்சி நூல் எழுதுக. ஏணியில் ஏறியவர் அதனை இழுத்துக்கொள்ளாதிருப்பாராக!