அருகில் வளர்ந்த நாற்று

வீட்டுத் தோட்டத்திற்கான தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளைத் தொலைவிலிருந்து தருவிப்பதைவிட, அருகிலுள்ள நாற்றங்காலில் வாங்குவதே நலம். அந்தந்த வட்டாரத்தின் வெயிலிலும் காற்றிலும் வளர்ந்த நாற்று நட்ட இடத்தில் விரைவில் வேர் பிடிக்கும். பெட்டியில் அடைபட்டு நெடுந்தூரம் வரும் நாற்றோ வாடியும் தண்டு ஒடிந்தும் வந்து சேரக்கூடும்.

தமிழ்நாட்டில் அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலும், திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் நாட்டுத் தொழில்நுட்பத்துடன் அமைந்த காய்கறி மகத்துவ மையத்திலும் குழித்தட்டு நாற்றுகள் வளர்க்கப்படுகின்றன. குழித்தட்டு என்பது சிறு குழிகள் கொண்ட நெகிழித் தட்டு. ஒவ்வொரு குழியிலும் மக்கிய தென்னைநார்க் கழிவை நிரப்பி ஒரே ஒரு விதை ஊன்றப்படுவதால், நாற்றை எடுக்கும்போது வேர் அறுபடுவதில்லை.

அருகிலேயே வாங்குவதில் பெரும்பயன், நாற்றைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிவதுதான். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் இன்றியமையாதது. தக்காளியில் இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ அங்கேதான் ஒட்டியிருக்கும். உயரமான நாற்றே நல்ல நாற்று என்னும் எண்ணம் தவறானது. நிழலிலேயே நீண்டு வளர்ந்த நாற்று, வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளையைப் போல, முதல் வெயிலிலேயே துவண்டுவிடும். குட்டையாகவும் தண்டு தடித்தும் வெண்ணிற வேர் படர்ந்தும் உள்ள, ஏறத்தாழ 25 நாள் வயதுடைய தக்காளி நாற்றே தேறும்.

வெண்டை, அவரை, பாகல் ஆகியவற்றுக்கு நாற்று தேவையில்லை. விதையை நேரடியாக ஊன்றலாம்.

நேயர்கள் அருகிலுள்ள நாற்றங்காலில் நாற்றைப் பார்த்து வாங்கி, அன்று மாலையே வெயில் தணிந்தபின் நட்டு, உடனே நீர் ஊற்றுவார்களாக.