இணைய அழைப்பு: மிச்சமாவது காசு மட்டும்தானா?



இணையம் வழி தொலைபேசியில் பேசுவதால் என்ன நன்மை என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. 'காசு மிச்சம்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்து விடலாம். ஆனால், அந்தக் காசோடு சேர்ந்து வேறு என்ன மிச்சமானது என்பதை என் பாட்டியைப் பார்த்துத்தான் தெரிந்து கொண்டேன்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். கிள்ளானில் இருந்த பாட்டி, மாதம் ஒருமுறை 10 வெள்ளிக்குத் தொலைபேசி அட்டை வாங்கி வரச் சொல்வார். பின்புறத்தைச் சுரண்டி, அந்த நீண்ட எண்ணை நான்தான் அழுத்த வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த தம்பியிடம் கேட்க வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார். "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே நேரம் போய்விடும். தாளில் உள்ளதைக் கேட்டு முடிப்பதற்குள் அட்டையில் பணம் தீர்ந்துவிடும். தாளில் எழுதாத எதையும் அவர்கள் இருவரும் பேசியதே இல்லை.

ஏன் அவ்வளவு செலவு? பழைய முறையில், நாம் பேசி முடிக்கும் வரை ஒரு தடம் முழுவதும் நமக்கென்றே ஒதுக்கப்படும். பேசாமல் மூச்சு விட்டாலும் கட்டணம் ஏறும். இணையத்தில் அப்படியில்லை. நம் குரல் ஒரு விநாடிக்குச் சுமார் 50 சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, மற்றவர்களின் கடிதங்கள், படங்களோடு ஒரே பாதையில் போகிறது. 2002ஆம் ஆண்டிலேயே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டருக்குக் கடலடிக் கம்பி போடப்பட்டு விட்டது. அத்தகைய கம்பிகளின் வழியாகத்தான் நம் பேச்சு ஊருக்குப் போகிறது. நாம் இணையத்திற்குக் கட்டும் மாதக் கட்டணத்திலேயே அதுவும் அடங்கிவிடுகிறது.

2003இல் ஸ்கைப் வந்தபோது கணினி முன்னால் உட்கார்ந்து பேசினோம். 2015இல் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பும், 2016இல் காணொளி அழைப்பும் வந்தன. அதன் பிறகு பாட்டிக்குத் தாள் தேவைப்படவில்லை. கீரை ஆய்ந்து கொண்டே தம்பியோடு பேசுவார். மாடு கன்று போட்டதா, மழை பெய்ததா என்று கேட்பார். சில வேளைகளில் இருவரும் ஒன்றுமே பேசாமல் இருப்பார்கள். கைப்பேசி மட்டும் ஓடிக் கொண்டிருக்கும்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அந்த ஆண்டில்தான் தம்பி காலமானார். போக வழியில்லை. அங்கே பேரன் ஒருவன் கைப்பேசியைப் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றான். பாட்டி தம்பியின் முகத்தைப் பார்த்து அழுது தீர்த்தார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் சொல்ல வந்த நன்மை இதுதான்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. இணைப்பு பலவீனமாக இருந்தால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள். தரவும் குறைவாகவே செலவாகும். ஆபத்து அவசரத்திற்குச் செயலியை நம்ப வேண்டாம். சாதாரண அழைப்பில் 999ஐ அழையுங்கள். தெரிந்தவர் பெயரில் அழைத்து யாராவது பணம் கேட்டால், துண்டித்துவிட்டு அவருடைய பழைய எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் உடனே 997ஐ அழையுங்கள். உறவினர் எண்களை ஒரு புத்தகத்திலும் எழுதி வையுங்கள். நம் வீடுகளில் அவ்வளவு புழங்கிய ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டு விட்டது அல்லவா?

நிறைவாக ஒன்று. காசு கொடுத்துப் பேசிய காலத்தில் பாட்டி ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. காசில்லாமல் பேச முடிகிற நாமோ, 'நாளைக்குப் பேசிக் கொள்ளலாம்' என்று தள்ளிப் போடுகிறோம். இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பக்கத்தில் உட்காருங்கள். யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டு, அழைத்துக் கொடுங்கள். பிறகு எழுந்து போய்விடுங்கள். அவர்கள் பேசட்டும்.