சரிவான வளவில் உயர்த்திய பாத்தி: நகரசபைத் தோட்டக்கலை அமர்வில் ஆற்றப்பட்ட உரை



ரூங்காபி, வென்ற்வேர்த்வில் முதலிய மேற்குச் சிட்னிப் புறநகர்களில் பின்வளவு சரிந்த வீடுகள் பல உள்ளன. அங்குள்ள கனத்த களிமண் மழையில் வீங்கும், கோடையில் வெடிக்கும். இத்தகைய நிலத்தில் உயர்த்திய பாத்தி அமைப்போர் அதனை ஒரு மரப்பெட்டியாகவே எண்ணுகின்றனர். சரிவில் அமையும்போது அது ஈரமண்ணைத் தாங்கும் சுவராகிவிடுகிறது. 2.4 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள பாத்தி ஒரு கனமீற்றருக்கு மேல் மண் கொள்ளும். மழையில் ஊறியபின் அதன் எடை ஏறக்குறைய ஒன்றரைத் தொன். அப்பாரம் தாழ்ந்த பக்கத்துப் பலகையை நோக்கியே சாயும். அப்பலகைக்கு அப்பால் இருப்பது பெரும்பாலும் அயலவரின் வேலி.

ஆதலால், பாத்தியின் நீளப்பக்கம் சரிவுக்குக் குறுக்காக அமையவேண்டும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கற்கட்டுகள் அமைந்திருப்பதும் இம்முறையிலேயே. சரிவைக் கண்ணால் மதிப்பிடுவது ஏமாற்றும். ஒளிபுகும் குழாயொன்றில் நீர் நிரப்பி, இரு முனைகளிலும் நீர் நிற்கும் மட்டத்தைக் குறித்தால் போதும். ஆறு மீற்றருக்கு ஒரு மீற்றர் தாழும் நிலமாயின், 1.2 மீற்றர் அகலத்துக்குள் 20 சென்ரிமீற்றர் வேறுபாடு இருக்கும். மேட்டுப் பக்கத்தை அவ்வளவுக்கு வெட்டித் தளத்தைச் சமப்படுத்தவேண்டும். வெட்டிய களியைத் தாழ்ந்த பக்கத்தில் கொட்டி, அதன்மேல் பலகையை நிறுத்துவதே பலரும் செய்யும் பிழை. புதிதாகக் கொட்டிய மண் பெருமழையில் அமிழும். பலகையும் உடன் சரியும்.

தாழ்ந்த பக்கத்துத் தூண்கள் பலகைக்கு வெளிப்புறம் நிற்கவேண்டும். பாத்தியின் உயரம் எவ்வளவோ, அவ்வளவு ஆழம் நிலத்துள் இறங்கவேண்டும். உட்புறம் நட்டால் மண்ணின் தள்ளலை ஆணிகளே தாங்க நேரிடும். குழி தோண்டுமுன், ‘பிஃபோர் யூ டிக் ஆஸ்திரேலியா’ என்னும் இலவசச் சேவையில் எரிவாயு, மின்சாரத் தடங்களின் வரைபடத்தைப் பெற்றுக்கொள்க.

மேட்டிலிருந்து வரும் நீரைத் தடுக்க, பாத்தியின் பின்புறம் சரளைக்கல்லினுள் துளையிட்ட வடிகுழாய் பதிக்கலாம். அதன் வாய் அயலவர் காணியை நோக்கி இருத்தல் ஆகாது. பாத்தியின் அடியில் சரளை பரப்பும் வழக்கத்தால் வடிகால் மேம்படுவதில்லை. வேருக்குரிய ஆழமே குறைகிறது. அடிக்களியை முள்ளுக்கரண்டியால் கிளறி, மக்கிய உரம் கலந்து விடுவதே நன்று.

பழைய பச்சை நிறப் பலகைகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றுள் ஆர்சனிக் ஊட்டியவை உண்டு. 2006 முதல் விளையாட்டுச் சாதனங்கள், உணவுண்ணும் வெளிமேசைகள் போன்றவற்றுக்கு அத்தகைய மரம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. காய்கறிப் பாத்திக்கு அது வேண்டாம். உரப்பையைத் திறக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணிதல் அவசியம். அதன் தூசியால் லெஜியோனெல்லா நுரையீரல் தொற்று ஏற்படக்கூடும். முதியோர் இதனை அலட்சியம் செய்தல் கூடாது.

மேட்டு விளிம்பு விரைவில் காயும். கத்தரியும் மிளகாயும் அங்கே நிற்கலாம். கீழ்ச்சுவரின் அடியில் கசியும் ஈரம் வல்லாரைக்குப் போதும்.

சுவர் 60 சென்ரிமீற்றரை விஞ்சினாலோ, எல்லையிலிருந்து ஒரு மீற்றருக்குள் அமைந்தாலோ அனுமதி தேவைப்படலாம். முன்கூட்டியே நகரசபையிடம் கேட்டறிக. தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை இலக்கத்தை அழைத்து, நகரசபையுடன் இணைக்குமாறு கோரலாம்.