விழியும் தோலும்

உடலின் அமைப்பைத் தமிழிலே எடுத்துரைப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் காலத்து அறிஞர் அறியாத செய்தி ஒன்றை இன்று காண்போம்.

கண்ணின் முகப்பிலுள்ள விழிவெண்படலம் பளிங்கு போன்றது. தோலோ ஒளி புகாதது. எனினும், இரண்டின் மேற்படையும் முளையத்தின் ஒரே புறப்படையினின்று தோன்றியவையே. உடன்பிறந்த இவ்விரண்டையும் வேறுபடுத்துவது எது? அயலிலுள்ள கலங்கள் விடுக்கும் இரசாயனச் செய்தியே.

1971ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. சுண்டெலி முளையத்தின் உட்தோலைக் கோழி முளையத்தின் கண்ணுள் வைத்தனர். பளிங்காக வேண்டிய படலத்தில் இறகு முளைத்தது! உட்தோல் இட்ட கட்டளை, தோலுறுப்பு ஒன்றை ஆக்குக என்பது. கோழிக் கலம் தான் அறிந்த இறகையே ஆக்கியது.

பிறந்த பின்னும் இச்செய்திகள் ஓய்வதில்லை. விழிவெண்படலத்தின் விளிம்பிலுள்ள மூலக் கலங்கள் தேய்ந்த மேற்படையை நாளும் புதுப்பிக்கின்றன. அவை நெறி தவறாதிருக்க உதவுவனவற்றுள் ஒன்று ரெற்றினோயிக் அமிலம். இதனை உடல் விற்றமின் ஏயிலிருந்து ஆக்கிக்கொள்கிறது. அது கலத்தின் கருவினுட் புகுந்து, எந்தப் பரம்பரை அலகு தொழிற்பட வேண்டும் என்பதை நெறிப்படுத்துகிறது.

விற்றமின் ஏ குன்றினால் நேர்வது யாது? முதலில் மாலைக்கண். பின்னர்க் கண் வறளும். சளியம் சுரக்கும் கலங்கள் அருகும். மேற்படை தோலைப்போலக் கெராற்றின் கொண்டு தடிக்கும். இறுதியில் படலம் புண்பட்டுக் குழையும். குழந்தையின் பார்வை அத்துடன் போய்விடும். சின்னமுத்து நோய் கண்ட குழந்தைக்கு இவ்விடர் விரைந்து வரக்கூடும்.

இதனைத் தடுக்கும் பொருள் தொலைவில் இல்லை. வேலியோரத்து முருங்கையின் இலையில், உடல் விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும் கரோற்றீன் நிறைய உண்டு. கொழுப்போடு சேரும்போதே அது நன்கு உறிஞ்சப்படும். ஆதலின், தேங்காய்ப்பூ இட்டு ஆக்கும் முருங்கையிலை வறை அறிவியலுக்கும் ஒத்ததே. முட்டையும் ஈரலும் விற்றமின் ஏயை நேரே தருவன.

ஆயினும், அந்தியில் தட்டுத் தடுமாறும் குழந்தைக்கு இலைக்கறி மட்டும் போதாது. தாமதியாது வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். வறண்ட கண்ணை அவர் மீட்கலாம். தழும்பேறிய படலம் மருந்தினால் மீண்டும் தெளிவதில்லை.